நீளம் பார்த்துக் கட்டிய சாக்ஸபோன்

பீளமேட்டில் நான் ரெக்கார்டிங் கடை வைத்திருந்த நாட்களில், வருகிறவர்கள் வேண்டிய பாட்டுகளைச் சொல்லி வெற்றுக் கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சாயந்திரம் காலேஜ் விட்டதும், மில் ஷிப்ட் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்வார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது தோதான வேலை. பாட்டு எங்கே ஆரம்பிக்கும், எங்கே ஏறும், எங்கே முடியும் என்பது எனக்கு மனப்பாடம். டேப் ஒரு இழை இழுத்தாலும் காது சொல்லிவிடும்.

எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம் எனக்கு. கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்ப்பேன். கேசட்டை வாங்கிக்கொண்டு போகிறவர் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டு வருவாரோ என்று அவர் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆனால் பாட்டு தெரிந்த பாட்டாக இருந்ததால் அந்தப் பயத்துக்கு ஒரு கரை இருந்தது. அந்தக் கரையும் இல்லாத ஒரு வேலை தொண்ணூறுகளின் நடுவில் என்னிடம் வந்தது.

ஒரு காலையில், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பையோடு பெரியவர் ஒருவர் கடை வாசலில் நின்றார். கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர் என்று பிறகு சொன்னார். செருப்பை வெளியே கழற்றப் போனார்.

“அதெல்லாம் வேண்டாங்க. உள்ள வாங்க.”

“இல்லீங்க தம்பி, மிசினு இருக்கற எடம். தூசி ஆகாதுன்னு சொல்லுவாங்க.”

என் கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த ஒரே ஆள் அவர்தான். ஸ்டூலில் உட்கார்ந்து பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். திருகு கழன்ற ஒரு கேசட். அதற்குள் பாதிக்கும் குறைவாகச் சுற்றிய டேப். அப்புறம் சின்னச் சின்னக் கட்டுகளாக டேப். ஒவ்வொரு கட்டையும் வெள்ளை நூலால் அழகாக முடிந்து, சிறியது முதல் பெரியது வரை வரிசையாக ஒரு அட்டையில் செருகியிருந்தது.

“இது யாருங்க இப்படிக் கட்டுனது?”

“எங்கூர்ல மோட்டாருக்குக் காயில் கட்டறவருங்க. பேனு, மிக்சி, ரேடியோ எல்லாம் அவருதான் பாப்பாரு. கார்ல போட்டுக் கேட்டுட்டு இருக்கறப்ப உள்ள சிக்கிப் போச்சுங்க. டிரைவர் பையன் இழுத்தான், வந்துது, வந்துது, வந்துட்டே இருந்துது. கொண்டுபோய்க் குடுத்தா, கெட்டுப்போனதை எல்லாம் நறுக்கிப் போட்டுட்டு நல்லதை மட்டும் நீளம் பார்த்துக் கட்டிக் குடுத்துட்டாரு. ‘எத்தனை குதிரை மோட்டாருதுங்க?’ன்னு வேற கேட்டாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை என்பதால் அடக்கிக்கொண்டேன். அந்தக் காயில்காரரைக் குறை சொல்லவும் முடியாது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்தால் கம்பியை அப்படித்தான் செய்வார்கள். கருகினதை எறிவார்கள், நல்லதை நீளவாரியாகக் கட்டி வைப்பார்கள். கம்பிக்கு முன் பின் கிடையாது. கட்டின காயிலை முக்குவதுபோல் இதையும் வார்னிஷில் முக்காமல் விட்டாரே என்று நினைத்துக்கொண்டேன்.

“இதுல என்ன பாட்டுங்க? சொன்னீங்கன்னா என்கிட்ட இருக்குதான்னு பாக்கறேன். இருந்தா புதுசாவே எடுத்துக் குடுத்துடலாம்.”

“யாருகிட்டயும் இருக்காதுங்க. எம்பையன் ஊதுனது.”

பையனைப் பற்றி அவர் ஒரேயடியாகச் சொல்லவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பையன் பீளமேட்டில்தான் இன்ஜினீயரிங் படித்தான். படிக்கும்போதே ஒரு பேண்டு செட்டுக்காரரிடம் பழைய சாக்ஸபோன் வாங்கி ஊதிப் பழகினான். மேல்படிப்புக்கு ஜெர்மனி அனுப்பினார்கள். இரண்டு வருஷம் முன்னால் லீவுக்கு வந்தவன், படிப்பை விட்டுவிட்டேன், இனி வாசிக்கத்தான் போகிறேன் என்றான். அன்றைக்கு அந்தப் பழைய சாக்ஸபோனை இவர் தூக்கித் தோட்டத்துக் கிணற்றில் போட்டுவிட்டார். பையன் ஜெர்மனிக்கே போய்விட்டான். அதற்கப்புறம் போன் வந்தால் அம்மாதான் பேசுவார். இவர் தோப்புக்குள் போய்விடுவார்.

இந்தக் கேசட்டைப் பையன் அனுப்பி ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. அங்கே இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து புதிதாக ரெக்கார்டிங் செய்தது. இசைத்தட்டாக வெளிவருவதற்கு முன்பே அனுப்பியிருந்தான். அம்மாவிடம் போனில் ஒன்றே ஒன்று சொன்னானாம். “நான் வாரதுக்குள்ள அப்பாவை ஒருவாட்டி முழுசாக் கேக்கச் சொல்லுங்கம்மா. புடிக்கோணும்னு இல்லை. முழுசாக் கேட்டாப் போதும்.” கேசட் பீரோவுக்குள்ளேயே கிடந்தது. இப்போது பையனின் தங்கைக்குக் கல்யாணம். அடுத்த வாரம் வருகிறான். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாருக்கும் தெரியாமல் அதை எடுத்துக்கொண்டு, காரைத் தோப்புக்குள் நிறுத்தச் சொல்லி, உட்கார்ந்து கேட்க ஆரம்பித்திருக்கிறார். காரின் டேப்ரெக்கார்டர் அதைத் தின்றுவிட்டது.

“இன்னொரு காப்பி அனுப்பச் சொல்லலாமுங்களே. அவருகிட்ட இருக்குமே.”

“இருக்குமுங்க. ஆனா எப்படீங்க கேக்கறது? கெணத்துல போட்டவன் நானு. இப்ப இதுவும் அறுந்து போச்சுன்னா, தானா அறுந்துதுன்னு யாரு நம்புவா? எம்பொண்டாட்டியே நம்ப மாட்டாளுங்க.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வெளியே நின்று கைகூப்பினார். என்னைவிட அத்தனை வயது மூத்தவர் கைகூப்பினால் என்னவென்று முடியாது என்பது?

முதலில் ஒவ்வொரு துண்டாகக் காலிக் கேசட் ஒன்றில் ஒட்டிப் போட்டுக் கேட்டேன். நீளத் துண்டுகள் ஒன்றிரண்டு நிமிஷம் ஓடின. குட்டைத் துண்டுகள் காது கொடுப்பதற்குள் தீர்ந்துவிட்டன. எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வால் என்பது தெரிந்துவிட்டது. கேசட்டின் மறுபக்கம் பையன் எதுவும் பதியவில்லை. துண்டு திரும்பியிருந்தால் வெறும் இரைச்சல்தான் வரும், திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். அந்த நிம்மதி ஒரு பொழுது கூட நிற்கவில்லை. எதற்குப் பின் எது என்பதுதான் மிச்சம்.

அதுதான் தெரியவில்லை.

பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தேன். அது ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது. தாளம் என்று பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ட்ரம்ஸ்காரர் யாரையோ தேடுகிறவர்போல் இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு. பாஸ் என்கிற பெரிய வயலினின் கம்பியை ஒருவர் வில்லால் அறுத்துக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவில் சாக்ஸபோன். சில சமயம் பேசுவதுபோல், சில சமயம் தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல், சில சமயம் சத்தமே இல்லாமல் வெறும் காற்று. நன்றாக வாசிக்கிறாரா, தப்பாக வாசிக்கிறாரா? டேப் கெட்டிருக்கிறதா, இதுதான் இசையா? டேப்ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்தேன். மறுபடி கேட்டேன். அதே சத்தம்தான்.

சினிமாப் பாட்டைப் பத்தாக நறுக்கிக் குலுக்கிக் கொடுத்தாலும் காபி ஆறுவதற்குள் ஒட்டிவிடுவேன். பல்லவி இருக்கும், சரணம் இருக்கும், வார்த்தை இருக்கும். இதில் ஒரு இடம் திரும்ப வரவே இல்லை. வந்தது வந்ததுதான்.

பக்கத்துக் காலேஜில் படிக்கும் மாணவன் ஒருவன் இங்கிலீஷ் கிட்டார் பாட்டெல்லாம் எடுக்க வருவான். அவனுக்குத் தெரியும் என்று நினைத்துப் போட்டுக் காட்டினேன்.

“அண்ணா, இது ஜாஸ். அதுலயும் ஃப்ரீ ஜாஸ். எழுதி வெச்சுக்காம அப்பப்ப மனசுல வர்றதை வாசிக்கிறது. நீங்க எதுக்கு இவ்வளவு கஷ்டப்படறீங்க? எந்தத் துண்டை எங்க ஒட்டினாலும் ஒண்ணுதான். வாசிச்சவனுக்கே தெரியாது.”

“பரீட்சையும் நீ இப்படித்தான் எழுதறியா?”

“ஆமாண்ணா. அதுனாலதான் அரியர்ஸ் சேந்துட்டே போகுது.”

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். எனக்குப் பயம் அதிகமாகிவிட்டது. எந்தத் துண்டும் எங்கேயும் பொருந்தும் என்றால் ஒட்டினது சரியா தப்பா என்று எனக்கு ஒருபோதும் தெரியப் போவதில்லை. அதுபோக, வாசித்தவனுக்கே தெரியாது என்பதை என்னால் ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. மனசில் வந்ததைப் பேசினாலும் முதலில் சொன்னது முதலில்தானே? நாம் சண்டை போடுகிறோம், எழுதி வைத்துக்கொண்டா போடுகிறோம்? அதை நறுக்கிக் குலுக்கினால் வேறு சண்டை ஆகிவிடாதா?

வெட்டிய முனைகளைப் பிடித்துக்கொண்டேன். ஒரு துண்டு சாக்ஸபோனின் நீளமான சத்தத்தின் நடுவில் அறுந்திருந்தால், அதே சத்தத்தோடு தொடங்கும் துண்டைத் தேடினேன். அப்படி மூன்று நான்கு ஜோடி சேர்ந்தது. மற்றவை சேரவில்லை, அவற்றின் ஜோடிகள் காயில்காரர் கசங்கியது என்று நறுக்கி எறிந்ததில் போய்விட்டிருந்தன. வீட்டில் சாப்பிடும்போதும் அதே ஞாபகம். தட்டில் விரலால் தட்டிக்கொண்டிருந்தேன்போல.

“ஏனுங்க, அந்தாளு பையன் ஊதுனதுக்கு நீங்க ஏனுங்க சோத்தை ஆற வெக்கறீங்க?” என்றாள் என் மனைவி.

“அந்தப் பையன் வந்து கேப்பானே. கேட்டுட்டு, இது நான் வாசிச்சதே இல்லைன்னு சொல்லிப்போட்டா?”

“சொன்னாச் சொல்லட்டும். ஜெர்மனில இருந்து உங்களை அடிக்கவா வாரான்? ரசம் ஊத்தட்டுங்களா?”

ஜோடி சேராத துண்டுகளை என் மனசுக்கு எப்படிப் பட்டதோ அப்படி ஒட்டினேன். சத்தம் குறைவானதை முன்னால், ஆவேசமானதைப் பின்னால். ஏன் என்று கேட்டால் நான் கேட்டு வளர்ந்த பாட்டெல்லாம் அப்படித்தான் ஏறும். இந்தப் பையன் அப்படி ஏறினானோ, மேலிருந்து இறங்கினானோ, யார் கண்டது? ஒரே ஒரு இடத்தில் எதையும் ஒட்ட மனசு வரவில்லை. ஒரு துண்டு பாஸ் கம்பியின் முனகலில் நின்றுபோனது. மிச்சமிருந்த துண்டு சாக்ஸபோனின் அலறலில் தொடங்கியது. நேராக ஒட்டினால் கேட்கிறவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்துவிடுவார். நடுவில் கொஞ்சம் வெற்று டேப்பை வைத்து ஒட்டினேன். ஒரு பெருமூச்சு விடுகிற நேரம் சத்தமே இருக்காது.

பையன் வருவதற்கு முந்தின நாள் பெரியவர் வந்தார். இந்தத் தடவையும் செருப்பு வெளியே. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வரிசை பாதிக்கு மேல் ஊகம்தான், சரியென்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

“இங்கயே கேட்டுப் போடறனுங்க. கார்ல இனி வேண்டாம்.”

டேப்பை ஓடவிட்டேன். தோள் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மருந்து குடிக்கப் போகிறவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டு எடுக்க வந்த இரண்டு மில்காரர்கள் வாசலில் நின்று கேட்டார்கள்.

“என்னுங்க, ஸ்பீக்கர் போயிருச்சுங்களா?” என்றார் ஒருவர்.

“இல்லீங்க. எம்பையன்,” என்றார் பெரியவர், திரும்பாமல்.

அந்த ஆள் நாக்கைக் கடித்துக்கொண்டு, அப்புறம் வருகிறோம் என்று நகர்ந்துவிட்டார்.

பெரியவர் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஒட்டு வரும்போதும் கண்டுபிடித்துவிடுவாரோ என்றிருந்தது. அவருக்கு அது ஒன்றும் தெரியவில்லை. சத்தம் பெரிதானால் புருவம் சுருங்கும், குறைந்தால் விரியும், அவ்வளவுதான். முழுப் பக்கமும் ஓடி முடிந்து பொத்தான் டக்கென்று எழும்பியது.

“முடிஞ்சுதுங்களா?”

“முடிஞ்சுதுங்க.”

“ஒண்ணும் புரியலீங்க தம்பி.” குரலில் கோபம் இல்லை. வெளியூரில் வழி தப்பியவர் குரல் அது. “மறுக்கா ஒருவாட்டி போடறீங்களா?”

போட்டேன். வெளியே காலேஜ் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டார். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் திறக்கவில்லை. தூங்கிவிட்டாரோ, மயக்கம் ஏதாவது வந்துவிட்டதோ என்று எழுந்தேன்.

“நாளைக்கு வாரான். வந்து, எந்த எடம்ப்பா நல்லா இருந்துச்சுன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்லட்டும்? நீங்க இத்தனை வாட்டி கேட்டிருக்கறீங்க. நீங்களே சொல்லுங்க, எது நல்லாருக்குது?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த டேப்பில் எந்த இடத்தில் என்ன சத்தம் என்று அப்போது உலகத்தில் என்னளவுக்கு அறிந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் எது நல்லது என்று கேட்டால் பேந்தப் பேந்த விழித்தேன்.

அவரே யோசித்துச் சொன்னார். “ஒரு எடம் எனக்குப் புடிச்சுதுங்க. ரெண்டு வாட்டியும் புடிச்சுது. நடுவுல ஒண்ணும் வாசிக்காம சித்த நேரம் சும்மா இருக்கறான் பாருங்க. அப்பறம் டபக்குனு கத்தறான். அந்தச் சும்மா இருக்கறது நல்லாருக்குதுங்க. அதைச் சொல்லிப்போடறேன்.”

அவர் முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால், நாளைக்கு அந்தப் பையனிடம் போய் இதைத்தான் சொல்வார். பையனுக்குத் தெரியாதா, அவன் அங்கே நிறுத்தவே இல்லை என்று? கேட்கவே இல்லை, கதை விடுகிறார் என்று நினைத்துவிட்டால்? பிறகு சொல்லிவிட்டேன்.

“ஐயா, அது அவரு வாசிச்சது இல்லீங்க. அந்த எடத்துல எதுவும் சேரலை. நான்தான் வெத்து டேப்பை வெச்சு ஒட்டினேனுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு டேப்ரெக்கார்டரைப் பார்த்தார்.

“அப்ப அவன் வாசிச்சதுல எனக்குப் புடிச்சது ஒண்ணுமே இல்லீங்களா?”

காபி சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மறுபடி போடச் சொன்னார். கேட்டார். மறுபடியும் ஒன்றும் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. முயற்சி செய்தார், அதுதான் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு இடத்தில் தலையை ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் சத்தத்தோடு சேரவில்லை, விட்டுவிட்டார். கேசட்டைத் தோள் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டுக்குத் தெரியாமல் வந்தபடியே பஸ்ஸுக்குப் போனார்.

கல்யாணமெல்லாம் முடிந்து, ஒரு மாதம் இருக்கும், திரும்ப வந்தார். தேங்காய் நாலு கொண்டுவந்திருந்தார். நான் நலம் விசாரிக்கவில்லை, பொண்ணு கல்யாணம் நல்லபடியாக நடந்ததா என்றுகூடக் கேட்கவில்லை.

“பையன் என்னுங்க சொன்னாரு?”

“வந்தன்னிக்கே சொல்லிப்போட்டனுங்க. கார்ல சிக்குனது, காயில் கட்டறவரு, நீங்க ஒட்டுனது, எல்லாம். கேட்டேன் கண்ணு, திரும்பத் திரும்பக் கேட்டேன், எனக்குப் புடிக்கலைன்னேன். பொய் சொல்ல வரலீங்க.”

“அதுக்கு?”

“‘முழுசாக் கேட்டீங்களாப்பா?’ன்னான். ஆமான்னேன். அவ்வளவுதானுங்க. எந்திரிச்சுத் தோப்புக்குள்ள போயிட்டான். ஒறம்பரை சனமெல்லாம் வந்துட்டாங்க, பந்தல்காரன் வந்துட்டான், அப்பறம் தனியாப் பேச எடமே அமையலை. கல்யாணத்துல ஓடி ஓடி எல்லாச் சோலியும் பாத்தான். போறப்ப கால்ல உழுந்து கும்புட்டான். கோவமா, சந்தோசமா, ஒண்ணும் தெரியலீங்க. அவன் மொகமும் அந்த டேப்பு மாதிரியே இருக்குது.”

“வரிசையைப் பத்தி எதாவது? கேட்டுப் பாத்தாருங்களா?”

“போடட்டுமான்னேன். வேண்டாம்ப்பான்னுட்டான்.”

என் வரிசை சரியா தப்பா என்பது அத்தோடு போயிற்று. அதைத் தெரிந்த ஒரே ஆள் கேட்காமலே விமானம் ஏறிவிட்டார்.

பெரியவர் பையிலிருந்து கேசட்டை எடுத்தார். “ஒரு வேலை இருக்குதுங்க. அந்த வெத்து எடத்தை எடுத்துப்போட்டுக் குடுங்க.”

“அது உங்களுக்குப் புடிச்ச எடமாச்சுங்களே.”

“புடிச்சதுதானுங்க. அவன் வாசிக்கலையே.”

திருகைக் கழற்றி, இடத்தைத் தேடி, வெற்றுத் துண்டை வெட்டி எடுத்து இரண்டு முனையையும் ஒட்டினேன். முனகலிலிருந்து நேராக அலறல். தூக்கிவாரிப்போடும் என்று நான் பயந்த அதே இடம். ஓடவிட்டேன். அவர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த இடம் வந்தபோது தோள் ஒருமுறை குலுங்கியது.

“இங்கதானுங்களா?”

“ஆமாங்க.”

சரி என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு அதற்குமேல் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏதாவது பிடிக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.